அந்த வழுக்கலைக் கழுவிவிடாதீர்கள்!

மூன்றடி உயரம், ஓரடிச் சதுரம். சிமென்ட்டில் வார்த்த பெட்டி. அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், பக்கவாட்டில் விரல் தடிமனில் ஒரு குழாய். மேலே ஒரு வாளி குளத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு லிட்டர் தெளிந்த தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வைத்த பாத்திரத்தில் சேர்ந்திருக்கும். கரன்ட் தேவையில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி போன் வருகிற கேட்ரிட்ஜ் கிடையாது. ஹைதி, கம்போடியா, நேபாளம், கென்யா என்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் குடிசைகளிலும் ஓட்டு வீடுகளிலும் இது நிற்கிறது. பெயர் பயோசாண்ட் ஃபில்டர். பொருட்செலவு, நாட்டைப் பொறுத்து, சுமார் 12 டாலரிலிருந்து 40 டாலர் வரை.

ஆர்.ஓ. மெஷினுக்கும் கேன் தண்ணீருக்கும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிற நமக்கு, இதைக் கேட்டதும் 'அட, ஒன்று வாங்கி வைத்துவிடலாமே' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பெட்டி சில தண்ணீருக்கு அருமருந்து. சில தண்ணீருக்கு வெறும் சிமென்ட் பாரம். இதைக் கொண்டுபோய் வைத்த பல ஊர்களில் நடந்த கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது. பெட்டியைக் கொடுத்தவர்கள், அதற்குள் வேலை செய்வது எது என்பதை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேலை செய்வது எது?

மணல், அழுக்கைச் சல்லடை மாதிரி தடுத்து நிறுத்துகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சேறு, தூசி, புழு முட்டை போன்ற பெரியவற்றுக்கு அது சரி. ஆனால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். மணல் துகள்களுக்கு இடையிலிருக்கும் சந்து அதைப்போலப் பல மடங்கு பெரிது. சல்லடைக் கணக்கில் பார்த்தால் கிருமிகள் தாராளமாக நழுவிப் போயிருக்க வேண்டும். போவதில்லை.

காரணம், மணலின் மேல் முகத்தில், ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் படரும் ஒரு வழுக்கல் படலம். தண்ணீரோடு வந்த நுண்ணுயிர்களே அங்கே குடியேறி, மணல் துகள்களைச் சுற்றிப் பிசுபிசுப்பாகப் படிகின்றன. புதிதாக வரும் பாக்டீரியா அதில் ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுகின்றன. தப்பித்துக் கீழே இறங்குகிறவற்றுக்குச் சுமார் 55 சென்டிமீட்டர் மணல் காத்திருக்கிறது. அங்கே உணவு இல்லை, பிராணவாயுவும் குறைவு. பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகின்றன.

இந்தப் படலத்தை யாரும் கடையில் வாங்கிப் போட முடியாது. ஃபில்டரை நிறுத்திய நாளிலிருந்து தினமும் ஒரே இடத்துத் தண்ணீரை ஊற்றிவர, அது தானாக வளர வேண்டும். பாலில் உறை ஊற்றியபின் பாத்திரத்தை அசைக்காமல் விட்டுவைக்கிற பொறுமை இதற்கும் வேண்டும். என்ன, தயிருக்கு ஓர் இரவு போதும், இதற்கு 30 நாள் வரை ஆகும். அந்த ஒரு மாதமும் குழாயில் வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். கிருமி கணிசமாக இருக்கும். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். 'தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே' என்று நம்பி முதல் வாரத்திலேயே குழந்தைக்குக் கொடுப்பதுதான் நடக்கிற முதல் தப்பு. இரண்டாவது தப்பு அதைவிட மோசம். பார்க்க அருவருப்பாக இருக்கிறதே என்று சுத்தக்காரர் ஒருவர் மணலை அள்ளி வெளியே கொட்டி, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவது. அன்றைக்கு அந்த ஃபில்டர் செத்தது. மறுபடி ஒரு மாதம்.

ஹாம்பர்க் சொன்ன பாடம்

வீட்டுப் பெட்டிதான் புதிது. மணல் வடிகட்டல் பழையது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஜான் கிப் என்பவர் துணி வெளுக்கும் ஆலை வைத்திருந்தார். ஆலைக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும் என்பதற்காக 1804இல் மணல் வடிகட்டி கட்டினார். மிஞ்சிய தண்ணீரை ஊருக்கு விற்றார். 1829இல் லண்டனில் செல்சி தண்ணீர் கம்பெனிக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் பெரிய மணல் படுகைகளை அமைத்தார். கிருமி என்ற ஒன்று நோய் தரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கலங்கலை நீக்கத்தான் கட்டினார்கள், கிருமியும் குறைந்தது. 1852இல் லண்டன் தண்ணீர் கம்பெனிகள் வீடுகளுக்கு விடும் ஆற்று நீரை வடிகட்டியே தீர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

ஆனாலும் மணலின் மகிமையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது ஜெர்மனியின் ஹாம்பர்க். எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க்கும் அல்டோனாவும் ஒட்டிப்பிறந்த ஊர்கள். எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பணக்காரத் துறைமுக நகரமான ஹாம்பர்க், ஊருக்கு மேல்பக்கத்தில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து அப்படியே குழாயில் விட்டது. வடிகட்டி கட்டலாமா, செலவு எவ்வளவு, யார் கொடுப்பது என்று நகராட்சியார் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். (இந்தக் காட்சி நமக்குப் பழக்கமானதுதான்.) அல்டோனாவின் நிலைமை பார்க்கப்போனால் பரிதாபம். அது ஆற்றின் கீழ்ப்பக்கம். ஹாம்பர்க்கின் சாக்கடை முழுவதும் கலந்த பிறகு வரும் தண்ணீரைத்தான் அது எடுக்க வேண்டும். ஆனால் அதை மணலில் வடிகட்டி விட்டது.

1892 ஆகஸ்டில் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் சில வாரங்களுக்குள் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். அல்டோனாவில் நோய் பரவவே இல்லை என்று சொல்லலாம். அங்கே இறந்தவர்கள் சில நூறு பேர், அவர்களிலும் பலர் ஹாம்பர்க்கிலிருந்து நோயை வாங்கி வந்தவர்கள். ஆராய வந்த கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக், எல்லைத் தெரு ஒன்றில் நின்று பார்த்தார். ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே மண். ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் காலரா. அல்டோனா பக்கத்தில் இல்லை. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே ஒரு தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. அங்கே நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கேயும் நோய் இல்லை. விசாரித்தால், அந்த வளாகத்துக்கு மட்டும் அல்டோனாவிலிருந்து குழாய் போட்டிருந்தார்கள். கெட்ட காற்றும் மண்ணும்தான் காலராவுக்குக் காரணம் என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவர்களின் கட்சி அதோடு பலம் இழந்தது. மறு ஆண்டே, 1893இல், ஹாம்பர்க்கும் மணல் வடிகட்டி நிலையத்தைத் திறந்தது.

காலரா வந்த அந்த ஆண்டின் குளிர்காலத்தில் அல்டோனாவிலும் சின்னதாகக் காலரா தலைகாட்டியது. அங்கே ஒரு மணல் படுகை சுத்தம் செய்யும்போது உறைந்து கெட்டுப்போயிருந்ததைக் கோக் கண்டுபிடித்தார். மணல் இருந்தால் மட்டும் போதாது, மேல்படலம் நலமாக இருக்க வேண்டும் என்பதற்கு அன்றைக்கே கிடைத்த சாட்சி இது.

நம்ம சென்னையும் இந்த வரிசையில் வருகிறது. செங்குன்றம் ஏரியிலிருந்து 1872 முதல் சென்னைக்கு வந்த தண்ணீர், வடிகட்டாத ஏரித் தண்ணீர்தான். ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் மந்தகதி மணல் வடிகட்டிகள் 1914இல் வந்தன. சென்னைக்காரர்கள் மணலில் வடிந்த தண்ணீரைக் குடிக்கத் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்டது.

ஒரு வளைந்த குழாய்

இவ்வளவு நல்ல தொழில்நுட்பம் ஏன் வீட்டுக்குள் வரவில்லை? படலம் உயிரோடு இருக்க, தண்ணீர் இடைவிடாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் நம்பிக்கை. நகராட்சிப் படுகையில் அது நடக்கும். வீட்டில் யார் இருபத்துநாலு மணி நேரமும் ஊற்றிக்கொண்டே இருப்பது? ஊற்றாவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும், மணல் காயும், படலம் சாகும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் சிவில் என்ஜினீயரிங் பேராசிரியராக இருந்த டேவிட் மான்ஸ் இந்த முடிச்சை அவிழ்த்தார். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீரை வெளியே கொண்டுவரும் குழாயை நேராகக் கீழே விடாமல், மேல்நோக்கி ஏற்றி, மணல் மட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே வளைத்துவிட்டார். அவ்வளவுதான். ஊற்றுவதை நிறுத்தினாலும் மணலுக்கு மேலே எப்போதும் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்கும். படலம் காயாது. ஐந்து சென்டிமீட்டர்தான் என்பதால் காற்றிலுள்ள பிராணவாயு அதைத் தாண்டிப் படலத்துக்கு இறங்கவும் முடியும். தண்ணீர் அதிகமாக நின்றால் படலம் மூச்சுமுட்டும். குறைவாக நின்றால் வெயில் காலத்தில் ஆவியாகிக் காய்ந்துவிடும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் உருவான இந்த வளைந்த குழாய்க்குள்தான் மொத்தக் கண்டுபிடிப்பும் இருக்கிறது.

எண்ணெய் நிறுவன வேலையிலிருந்து வந்த கமில் டௌ பேக்கர் என்ற பொறியாளரும் மான்ஸும் சேர்ந்து 2001இல் கால்கரியில் 'காஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அது ஃபில்டர் விற்கவில்லை. வரைபடத்தை இலவசமாகக் கொடுத்து, செய்யக் கற்றுக்கொடுத்தது. உள்ளூர்க் கொத்தனார், உள்ளூர் சிமென்ட், உள்ளூர் மணல், ஓர் இரும்பு அச்சு. இது பரவியதற்கு முக்கியக் காரணம் இந்த முடிவுதான் என்பது என் எண்ணம்.

மணல் கழுவும் கலை

செய்வது சுலபம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இதில் கஷ்டமான வேலை பெட்டி வார்ப்பது அல்ல, மணல் தயாரிப்பதுதான். ஆற்று மணல் வேண்டாம் என்கிறார்கள்: ஏற்கெனவே கிருமியும் மக்கிய குப்பையும் கலந்திருக்கும். கடல் மணல் கூடவே கூடாது, உப்பு. பாறையை உடைத்த தூள்தான் நல்லது. ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்டுக்கு மாறிவிட்ட நமக்கு இது ஒரு விதத்தில் வசதி. பல மாவட்டங்களில் கல்குவாரி உண்டு.

அதைச் சலிக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் சல்லடை, 6 மில்லிமீட்டர் சல்லடை, கடைசியில் 0.7 மில்லிமீட்டர் கொசுவலை போன்ற சல்லடை. பெரியது அடியில், நடுத்தரம் அதன்மேல், கடைசிச் சல்லடையில் விழுந்த நைஸ் மணல் எல்லாவற்றுக்கும் மேலே. அந்த நைஸ் மணலை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கையால் சுழற்றி, கலங்கலைக் கொட்டி, மறுபடி ஊற்றி... எத்தனை முறை? அங்கேதான் கைப்பழக்கம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, கீழே வைத்து, மூன்று நான்கு வினாடி கழித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மணலின் மேல்மட்டம் லேசான கலங்கலுக்கு ஊடே தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் இன்னும் கழுவ வேண்டும். தண்ணீர் பளிச்சென்று இருந்தால் அளவுக்கு மேல் கழுவிவிட்டீர்கள். பொடி மணல் எல்லாம் போய்விட்டது. தண்ணீர் விறுவிறுவென்று ஓடிவிடும், கிருமியும் கூடவே ஓடும்.

பெட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டு அதற்குள் மணலைக் கொட்ட வேண்டும். காய்ந்த மணலைக் கொட்டிப் பிறகு தண்ணீர் விட்டால் நடுவில் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் மேலே விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, குழாயடியில் ஒரு அளவு ஜாடியைப் பிடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு 400 மில்லி. அதுதான் பதம். 'என்னங்க, நூல் மாதிரி வருது' என்று அலுத்துக்கொள்ளும் வீட்டாருக்கு, நூல் மாதிரி வந்தால்தான் நல்லது என்று அன்றைக்கே புரியவைத்துவிட வேண்டும்.

மணலுக்கு மேலே சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட ஒரு தட்டு இருக்கும். ஊற்றுகிற தண்ணீர் அதில் விழுந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்தத் தட்டு உடைந்து, மாற்றாமல் நேராக மணலில் ஊற்றினால், படலத்தில் குழி விழும். சின்னப் பொருள்தான், பாதுகாப்பதும் கெடுப்பதும் அதுதான்.

நாளாக ஆக ஓட்டம் மந்தப்படும். அப்போது தட்டை எடுத்துவிட்டு, தேங்கியிருக்கும் தண்ணீரில் உள்ளங்கையால் மெதுவாக வட்டமிட்டு, மேல் மணலை லேசாகக் கலக்கி, அழுக்குத் தண்ணீரை மட்டும் டம்ளரால் மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். மணலைச் சமப்படுத்தி மறுபடி நிரப்பினால் ஓட்டம் வந்துவிடும். சில நாள்களில் படலம் பழைய நிலைக்குத் திரும்பும். இதற்கு மேல் எந்தச் சுத்தமும் வேண்டாம். ஒருமுறை ஊற்றியதற்கும் அடுத்த முறைக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு. அதிகபட்சம் 48 மணி நேரம். திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தால், படலம் பட்டினியில் மெலிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இன்று கிணறு, நாளை குளம் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதும் ஆகாது.

98.5 சதவீதம் போதுமா?

ஹைதியின் ஆர்டிபோனிட் பள்ளத்தாக்கில் ஆல்பர்ட் ஷ்வைட்சர் மருத்துவமனை இந்த ஃபில்டர்களை வீடுகளுக்குக் கொடுத்தது. அங்கே 107 வீடுகளில் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. சராசரியாக இரண்டரை ஆண்டு பயன்பாட்டுக்குப் பிறகும், ஈ.கோலி கிருமிகளில் 98.5 சதவீதத்தை அவை நீக்கிக்கொண்டிருந்தன. ஏழை நாட்டில், மெக்கானிக் இல்லாத கிராமத்தில், கரன்ட் இல்லாமல், இரண்டரை ஆண்டு கழித்து! விலை உயர்ந்த எத்தனையோ கருவிகள் அந்த வயதில் பரணில் கிடக்கும்.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிருமி உள்ளே போனால் பதினைந்து வெளியே வருகிறது. குடிநீரில் 100 மில்லியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. வைரஸ் விஷயத்தில் இந்த ஃபில்டரின் திறமை இன்னும் ஏற்ற இறக்கமானது. ஆகவே வடிந்த தண்ணீரைக் காய்ச்சுவதோ, பிறகு சிறிது குளோரின் சேர்ப்பதோ நல்லது. கவனிக்கவும்: பிறகு. குளோரின் போட்ட தண்ணீரை ஃபில்டருக்குள் ஊற்றினால் படலம் செத்துவிடும்.

இன்னொரு ஓட்டை, பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ஹைதி ஆய்வில் குழாயில் பிடித்த தண்ணீர் நன்றாக இருந்தது. வீட்டில் சேமித்து வைத்த பாத்திரத்தில் அதே தண்ணீர் மறுபடி கெட்டிருந்தது. இதற்கு ஹைதி வரை போக வேண்டியதில்லை. அகன்ற வாய் அண்டாவில் பிடித்து, மூடாமல் வைத்து, சொம்பை உள்ளே விட்டு, விரல் நனைய நனைய மொள்வதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். மணலும் படலமும் ஒரு மணி நேரம் பாடுபட்டதை ஒரு விரல் நொடியில் கெடுத்துவிடும். வாய் குறுகிய குடம், அல்லது மூடியும் குழாயும் வைத்த பானை. பாதி ஃபில்டர் அதுதான்.

டொமினிகன் குடியரசின் பொனாவோ பகுதியில் ஃபில்டர் வைத்த வீடுகளையும் வைக்காத வீடுகளையும் ஒப்பிட்ட ஆய்வில், வயிற்றுப்போக்கு 47 சதவீதம் குறைந்ததாக 2009இல் எழுதினார்கள். பெரிய எண். ஆனால் ஒரு பின்குறிப்பும் வேண்டும்: 'இந்த வாரம் யாருக்கு வயிற்றுப்போக்கு?' என்று வீட்டாரிடம் கேட்டுத் தொகுத்த கணக்கு இது. இலவசமாக ஃபில்டர் வாங்கியவர் கொஞ்சம் நல்லதாகத்தான் சொல்லுவார். பாதி என்பதைக் கால்பங்காகக் குறைத்துக்கொண்டாலும், ஐந்து வயதுக்குள் குழந்தைகள் சாகிற நாடுகளில் அது சின்ன விஷயமல்ல.

கம்போடியாவில் வைத்த ஃபில்டர்களில் பெரும்பாலானவை ஆண்டுகள் கழித்தும் பயன்பாட்டில் இருந்தன. அதே நாட்டில் கொடுக்கப்பட்ட மண்பானை ஃபில்டர்கள் மாதத்துக்கு இரண்டு சதவீதம் வீதம் கைவிடப்பட்டன, பெரும்பாலும் உடைந்துபோய். சிமென்ட் பெட்டி எளிதில் உடையாது. மணலோடு சேர்த்து 150 கிலோவுக்கு மேல் கனம் என்பதால் யாரும் தூக்கிப்போய் விற்கவும் முடியாது. கனமும் ஒரு தகுதிதான் போலும்.

துருவும் விஷமும்

மணல் ஃபில்டரின் கதையில் எனக்குப் பிடித்த அத்தியாயம் வியட்நாமில் இருக்கிறது. சிவப்பு நதிப் படுகையில் வீட்டுக்கு வீடு அடிபம்பும் போர்க்குழாயும் உண்டு. அடித்ததும் தண்ணீர் தெளிவாக வரும்; சிறிது நேரத்தில் செம்பழுப்பாகும். இரும்புச் சத்து. துணி கறைபடும், டீ கறுக்கும், வாயில் வைத்தால் துருவாடை. இந்தத் தொல்லைக்காகக் கிராமத்தார் தாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தொட்டி. மேல் தொட்டியில் மணல், கீழ்த் தொட்டியில் வடிந்த தண்ணீர். படலம், வளைந்த குழாய் எதுவும் இதில் கிடையாது.

2001இல்தான் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பதை விஞ்ஞானிகள் உலகுக்குச் சொன்னார்கள். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோலில் புள்ளி, பிறகு புற்றுநோய். பதறிப்போய் வீட்டு மணல் தொட்டிகளைச் சோதித்தால் ஆச்சரியம். 43 வீடுகளில் சராசரியாக 80 சதவீத ஆர்செனிக் அந்தத் தொட்டிகளிலேயே நின்றுபோயிருந்தது. காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகி மணலில் படிகிறது. ஆர்செனிக் அந்தத் துருவில் போய் ஒட்டிக்கொள்கிறது. துருவாடைக்கு வழி தேடியவர்கள், பெயர்கூடத் தெரியாத விஷத்தையும் தங்களை அறியாமல் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நேபாளத்தின் தெராய் சமவெளியிலும் ஆர்செனிக் உண்டு. அங்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் நேபாளத்துச் சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து, பயோசாண்ட் ஃபில்டரின் மேல் தட்டில் ஐந்து கிலோ இரும்பு ஆணிகளைப் பரப்பினார்கள். ஆணி துருப்பிடிக்கும், துரு ஆர்செனிக்கைப் பிடிக்கும். 'கஞ்சன் ஃபில்டர்' என்று பெயர். அழகான யோசனை; பரிசுகளும் வாங்கியது. பிறகுதான் தெரிந்தது, எல்லாத் தண்ணீரிலும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது என்று. தண்ணீரிலேயே இரும்பு குறைவாகவும் பாஸ்பேட் அதிகமாகவும் இருந்தால் ஆணித் துரு ஈடுகொடுப்பதில்லை. வியட்நாமில் கைகொடுத்தது மணலின் சாமர்த்தியம் மட்டுமல்ல, அந்தத் தண்ணீரிலேயே இருந்த ஏராளமான இரும்பும்தான். ஓர் ஊரில் வெற்றி பெற்ற ஃபில்டரை இன்னோர் ஊருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நமக்கு ஆகுமா?

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். பயோசாண்ட் ஃபில்டர் உப்பை எடுக்காது. ஃபுளோரைடை எடுக்காது. நைட்ரேட்டை எடுக்காது. போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வருகிற வீட்டில் இதை வைத்தால், கிருமி குறைந்த உப்புத் தண்ணீர் கிடைக்கும், அவ்வளவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குழந்தைகளின் பல்லைப் பழுப்பாக்கும் ஃபுளோரைடுக்கு இது மருந்தல்ல; அதற்கு ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நகராட்சிக் குழாயில் குளோரின் போட்டு வருகிற தண்ணீருக்கும் இது ஒத்துவராது. காரணம் முன்பே சொன்னதுதான்.

பிறகு யாருக்கு? உப்பில்லாத, ஆனால் திறந்து கிடக்கிற தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு. கொல்லிமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை போன்ற இடங்களில் ஓடையையும் ஊற்றையும் நம்பியிருக்கிற குக்கிராமங்கள். ராமநாதபுரத்து ஊரணிகள். நிலத்தடி நீர் உப்பாகிப்போன அந்த மாவட்டத்தில், மழைத் தண்ணீரைத் தேக்கிய ஊரணிதான் பல ஊர்களுக்கு இன்றைக்கும் 'நல்ல தண்ணி'. மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, செருப்போடு போகக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்துக் காப்பாற்றுகிற தண்ணீர். கலங்கலைத் தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளியவைத்த பாட்டிகள் இருந்த ஊர்கள் அவை. தேத்தாங்கொட்டை சேற்றைப் படியவைக்கும், கிருமிக்குப் பொறுப்பேற்காது. அந்த இரண்டாம் வேலைக்கு இந்தப் பெட்டி பொருத்தமானது. தண்ணீர் ரொம்பக் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து, பிறகுதான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும்.

இயற்கையே கட்டிக்கொடுத்த மணல் ஃபில்டர்களும் நம்மிடம் இருந்தன. பாலாற்றிலும் வைகையிலும் கோடையில் மணலைத் தோண்டி ஊற்றுப் பறித்து, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடம் நிரப்பிய காலம் ஒன்றிருந்தது. ஆற்றில் ஓடிய கலங்கல் நீர் அத்தனை அடி மணலைத் தாண்டித்தான் அந்தக் குழிக்குள் ஊறியது. இன்றைக்கும் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் தண்ணீர் எடுக்கின்றன. லாரி லாரியாக மணலை அள்ளியபோது நாம் கட்டுமானப் பொருளை மட்டும் இழக்கவில்லை. காசில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒரு சுத்திகரிப்பு நிலையத்தையும் சேர்த்துத்தான் விற்றோம்.

ஆர்.ஓ. பற்றி ஒரு வார்த்தை. உப்பு மிகுந்த தண்ணீருக்கு அது தேவைதான், மறுப்பதற்கில்லை. உப்பே இல்லாத தண்ணீருக்கும் அதை விற்பதுதான் அநியாயம். வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பல, உள்ளே போகிற தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே தள்ளுகின்றன. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கடைக்காரர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டா விற்கிறார்?

தொண்டு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொல்ல ஒன்று உண்டு. 'இத்தனை ஃபில்டர் கொடுத்தோம்' என்று போட்டோவோடு அறிக்கை போடுவது சுலபம். கொடுத்த ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டி, தட்டு உடைந்திருக்கிறதா, ஐந்து சென்டிமீட்டர் நிற்கிறதா, எதில் பிடித்து வைக்கிறார்கள் என்று பார்க்க ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறீர்களா? அந்த ஊரிலேயே படித்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் அவரே செய்துவிடுவார். அதற்குப் பணமில்லை என்றால் பெட்டியும் வேண்டாம். பின்தொடரல் இல்லாத பயோசாண்ட் ஃபில்டர், ஆறு மாதத்தில் துணி வைக்கும் மேடையாகிவிடும்.

உங்கள் வீட்டுக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்கும் முன், தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கரைந்த உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள். முதல் மூன்றும் அளவுக்குள் இருந்து கோலிஃபார்ம் மட்டும் இருந்தால், தண்ணீரில் குளோரினும் இல்லையென்றால், மணல் ஃபில்டரும் பிறகு காய்ச்சுவதும் போதும். வேறு எது மிகுந்திருந்தாலும் இந்தப் பெட்டி உங்களுக்கானதல்ல.